சவுதிப் பணத்தில் வந்த கோப்பை: சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்கவா, வேண்டாமா?

டைன்கரையான்

நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் நியூகாசிலுக்கு வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. வந்த புதிதில் எனக்குக் கால்பந்து என்றால் நாலு வருடத்துக்கு ஒருமுறை வரும் உலகக் கோப்பைதான். இந்த ஊரில் அப்படி இருந்துவிட முடியாது. ஸ்டேடியம் பைபாஸ் ஓரத்தில் எங்கோ இல்லை, கோயில் கோபுரம் மாதிரி நடு ஊரில் மேட்டின்மேல் நிற்கிறது. சனிக்கிழமை மெட்ரோவில் ஏறினால் பாட்டி, மகன், பேத்தி என்று மூன்று தலைமுறையும் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டையில் உட்கார்ந்திருக்கும். மூன்றாவது வருடம் நானும் அந்தச் சட்டையை வாங்கினேன். அப்புறம் சீசன் டிக்கெட். இப்போது மகளுக்கும் சேர்த்து இரண்டு.

அப்போது கிளப் மைக் ஆஷ்லி கையில் இருந்தது. விளையாட்டுச் சாமான் கடைகள் நடத்திப் பெரும் பணக்காரரானவர், 2007இல் வாங்கினார். அவர் காலத்தில் 2009, 2016 என்று இரண்டு முறை கீழ் டிவிஷனுக்கு இறங்கினோம். ஸ்டேடியத்தின் செயின்ட் ஜேம்ஸ் பார்க் என்ற பெயரை எடுத்துவிட்டுத் தன் கடைப் பெயரை வைத்துப் பார்த்தார். நான் முதலில் வாங்கிய ஜெர்சியின் நெஞ்சில் இருந்தது, கொள்ளை வட்டிக்குக் கடன் கொடுக்கும் ஒரு கம்பெனியின் பெயர். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், 2021 அக்டோபர் 7ஆம் தேதி சவுதி அரேபியாவின் பொது முதலீட்டு நிதியம் தலைமையில் ஒரு கூட்டணி கிளப்பை வாங்கிவிட்டது (30.5 கோடி பவுண்டு, நிதியத்தின் பங்கு 80 சதவீதம்) என்று செய்தி வந்ததும் ஊர் ஏன் திருவிழாவானது என்று உங்களுக்குப் புரிய வேண்டும். நானும் ஸ்டேடியம் வாசலில் போய் நின்றேன். சிலர் பாத்திரம் துடைக்கும் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு ஷேக் வேடம் போட்டிருந்தார்கள், அதைப் பார்க்கத்தான் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. மற்றபடி நானும் பாடினேன்.

நிதியத்தின் தலைவர் பட்டத்து இளவரசர் முகமது பின் சல்மான் என்று அன்றைக்கே தெரியும். 2018 அக்டோபர் 2ஆம் தேதி இஸ்தான்புல்லில் சவுதி துணைத் தூதரகத்துக்குள் போன சவுதிப் பத்திரிகையாளர் ஜமால் கஷோக்ஜி திரும்பி வரவில்லை என்பதும் தெரியும். அவரைப் பிடிக்க அல்லது கொல்ல நடந்த அந்த நடவடிக்கைக்கு இளவரசர் ஒப்புதல் கொடுத்தார் என்று அமெரிக்க உளவுத்துறையின் அறிக்கை 2021 பிப்ரவரியிலேயே வந்துவிட்டது, அவர் தரப்பில் மறுக்கிறார்கள். எல்லாம் தெரிந்துதான் பாடினேன்.

உறுத்த ஆரம்பித்தது அடுத்த வருடம். சல்மா அல் ஷெஹாப் என்று ஒரு சவுதிப் பெண், லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தவர், இரண்டு பிள்ளைகளின் அம்மா. விடுமுறைக்கு ஊருக்குப் போன இடத்தில் 2021 ஜனவரியில் பிடித்தார்கள். ட்விட்டரில் பெண்ணுரிமைக்காரர்களுக்கு ஆதரவாக எழுதினார், பகிர்ந்தார், அதுதான் குற்றம். முதலில் ஆறு வருடம் கொடுத்தார்கள். மேல்முறையீட்டில், 2022 ஆகஸ்டில், அது 34 வருடம் ஆனது. மேல்முறையீட்டில் தண்டனை கூடுவதை நான் அன்றுதான் கேள்விப்பட்டேன். லீட்ஸ் இங்கிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம். நானும் அந்த ஊரில் ஒரு வருடம் படித்தவன், அதே நூலகத்தில் உட்கார்ந்தவன். கஷோக்ஜி செய்தியாக இருந்தார், இந்தப் பெண் பக்கத்து நாற்காலி மாதிரி ஆகிவிட்டார்.

ஆனாலும் பாருங்கள், 2025 மார்ச் 16, வெம்ப்லி, லீக் கோப்பை ஃபைனல். லிவர்பூலை 2-1. உள்நாட்டுக் கோப்பை ஒன்றை நாங்கள் கடைசியாகத் தொட்டது 1955இல், எழுபது வருடம். முதல் கோலைத் தலையால் முட்டியது டான் பர்ன், பக்கத்தில் பிளைத் ஊர்ப் பையன், சின்ன வயதில் இதே கிளப் வேண்டாமென்று அனுப்பிய ஆள். பக்கத்து இருக்கைக் கிழவர் என் தோளில் சாய்ந்து அழுதார், நானும் அழுதேன்.

இப்போது டிக்கெட்டைப் புதுப்பிக்கச் சொல்லி மின்னஞ்சல் வந்து கிடக்கிறது. நாலு நாளாகத் திறக்கவில்லை. நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள்?

வியாசர்பாடி விங்

அண்ணே, டிக்கெட்டை எனக்குக் கொடுத்துவிடுங்கள், பாவம் புண்ணியம் எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் 😀

சீரியஸாகவே கேட்கிறேன், எந்தப் பணம் சுத்தம்? வண்டியில் ஊற்றுகிற பெட்ரோல் எங்கிருந்து வருகிறது? இதே நிதியம் 2016இல் ஊபரில் 350 கோடி டாலர் போட்டது, அதற்காக யாராவது ஊபரில் ஏறாமல் நடந்து போனார்களா? உங்கள் பிரிட்டன் அரசு சவுதிக்குப் போர் விமானம் விற்றது, அந்த விமானம் ஏமனில் குண்டு போட்டது. அரசாங்கம் விற்கலாம், வங்கி வாங்கலாம், கேலரியில் உட்கார்ந்து பஜ்ஜி தின்கிற ரசிகன் மட்டும் மனசாட்சியோடு வாழ வேண்டுமா? என்ன நியாயம் இது.

பழைய விசில்

ரசிகனின் மனசாட்சியை ஓரமாக வைப்போம். அனுமதி கொடுத்தவர்களின் கதையைப் பார்ப்போம், அதை ஒழுங்காகச் சொன்னால் விங் தம்பிக்கே கோபம் வரும்.

சவுதி முதலில் கேட்டது 2020 ஏப்ரலில். இங்கிலாந்தின் முதல் டிவிஷனை நடத்தும் பிரிமியர் லீக் இழுத்தடித்தது, ஜூலை கடைசியில் நிதியமே விலகிக்கொண்டது. தடையாக இருந்தது கஷோக்ஜி என்றா நினைக்கிறீர்கள்? இல்லை. டிவி. மத்திய கிழக்கில் லீக் ஆட்டங்களைக் காட்டும் உரிமை கத்தாரின் பீஇன் சேனலிடம் இருந்தது. கத்தாரோடு சண்டை வந்ததும் சவுதி அதை 2017இல் தடை செய்தது. கொஞ்ச நாளில் பீஅவுட்க்யூ என்று ஒரு திருட்டுச் சேனல் அதே ஆட்டங்களைத் தன் லோகோவை ஒட்டி ஒளிபரப்ப ஆரம்பித்தது. சவுதி அதைத் தடுக்கத் தவறியது என்று உலக வர்த்தக அமைப்பின் குழுவே 2020 ஜூனில் சொன்னது. கிளப்பை அந்த அரசு வாங்குகிறது என்று ஒப்புக்கொண்டால், லீக்கின் சரக்கைத் திருட விட்டவரே லீக்கில் பங்காளி ஆகிறார் என்றாகும். அங்கேதான் மாட்டியது. கஷோக்ஜியை மணக்கவிருந்த ஹாதிஜே செங்கிஸ் லீக்குக்கு எழுதினார், மனித உரிமை அமைப்பான ஆம்னெஸ்டி எழுதியது. உரிமையாளர் தேர்வு விதிகளில் மனித உரிமை என்று ஒரு சொல்கூட அப்போது கிடையாது.

2021 அக்டோபர் 6ஆம் தேதி சவுதி பீஇன் தடையை எடுக்கப் போகிறது என்று செய்தி வந்தது. மறுநாளே விற்பனை முடிந்தது. ஒரே நாள். அதற்கு லீக் சொன்ன காரணம்: சவுதி அரசு கிளப்பைக் கட்டுப்படுத்தாது என்று சட்டப்படி செல்லும் உறுதிமொழி கிடைத்துவிட்டது. இளவரசர் தலைவராக இருக்கும் நிதியம், அதன் ஆளுநர் யாசிர் அல் ருமய்யான் கிளப்புக்கும் தலைவர், ஆனால் அரசுக்கு இதில் கை கிடையாதாம்!

இதன் உச்சம் 2023 பிப்ரவரியில். அமெரிக்காவில், இதே நிதியத்தின் பணத்தில் தொடங்கிய லிவ் கோல்ஃப் போட்டித் தொடரின் வழக்கு. நீதிமன்றம் நிதியத்திடமும் ருமய்யானிடமும் ஆவணங்கள் கேட்டது. உடனே நிதியத்தின் வக்கீல்கள், இது சவுதி அரசின் இறையாண்மை அங்கம், அவர் பதவியில் இருக்கும் அமைச்சர், எங்களை நீங்கள் விசாரிக்க முடியாது என்று எழுதிக் கொடுத்தார்கள். இங்கிலாந்தில் அரசு இல்லை, கலிபோர்னியாவில் அரசு. லீக் அதைப் படித்துவிட்டு வாயைத் திறக்கவில்லை.

வியாசர்பாடி விங்

கோல்ஃப் விஷயம் தெரியாது சார். மாமியார் உடைத்தால் மண்குடம் கதையாக இருக்கிறதே.

93_20

மான்செஸ்டர் சிட்டி ரசிகன், எப்படியும் என்னை இழுப்பீர்கள் என்பதால் நானே வந்துவிட்டேன்.

இரண்டு விஷயம். சிட்டியை 2008இல் அபுதாபியின் ஷேக் மன்சூர் யாரிடம் வாங்கினார் என்று ஞாபகம் இருக்கிறதா? தக்சின் ஷினவத்ரா. தாய்லாந்தில் அவர் பிரதமராக இருந்தபோது 2003இல் போதைப்பொருளுக்கு எதிரான போர் என்று தொடங்கி, சில மாதத்தில் இரண்டாயிரத்துக்கும் மேல் ஆட்கள் செத்தார்கள். மனித உரிமை அமைப்புகள் அப்போதும் எழுதின, லீக் அப்போதும் கையெழுத்துப் போட்டது. ஆக இது அரபுப் பணத்தோடு பிறந்த வியாதி இல்லை.

இரண்டாவது, இங்கே பேசும்போது ஓர் ஏளனம் ஒட்டிக்கொண்டே வருகிறது. ஒட்டகம், எண்ணெய், வாள், தலைத்துண்டு. அமெரிக்கக் கோடீஸ்வரன் கடனை வாங்கிக் கிளப்பின் தலையில் கட்டினால் அது பிசினஸ், அரபி காசைப் போட்டால் அது கறை. கிழக்கு மான்செஸ்டருக்கு முன்பு போயிருக்கிறீர்களா? மூடிக் கிடந்த தொழிற்சாலையும் முள்வேலியும்தான். இன்று பயிற்சி மைதானம், வீடுகள், பள்ளி. அந்தத் தெருக்காரனிடம் போய் இது அசிங்கமான பணம் என்று சொல்லிப் பாருங்கள்.

டைன்கரையான்

ஏளனம் பற்றிச் சொன்னதில் பாதி ஒப்புக்கொள்கிறேன். எங்கள் ஆட்களே துண்டைக் கட்டி ஆடியதைச் சொன்னேனே. கிளப் முதலில் அதை வேண்டாம் என்றது, சில நாளில் சரி, இஷ்டம்போல் உடுத்துங்கள் என்று பின்வாங்கியது. அதே வாரம் கிரிஸ்டல் பாலஸ் ரசிகர்கள் வாளோடு ஒரு ஷேக்கை வரைந்து பேனர் பிடித்தார்கள். போலீஸ் பார்த்துவிட்டுக் குற்றமில்லை என்றது. படம் எனக்கும் பிடிக்கவில்லைதான், ஆனால் பேனரில் சவுதி மேல் எழுதியிருந்த குற்றப் பட்டியலில் பொய் எது என்று தேடினேன், அகப்படவில்லை.

ஆனால் சவுதியை விமர்சிப்பதில் முதலில் நிற்பவர்களும் அரபிகள்தானே. கஷோக்ஜி சவுதிக்காரர். வண்டி ஓட்டும் உரிமை கேட்டு 2018இல் சிறைக்குப் போன லுஜைன் அல் ஹத்லூல் சவுதிக்காரர். உங்கள் அபுதாபி பக்கம் அகமது மன்சூர், பேஸ்புக்கிலும் ட்விட்டரிலும் எழுதியதற்காக 2018இல் பத்து வருடம், தண்டனைக்காலம் முடிவதற்குள் இன்னொரு வழக்கைச் சேர்த்தார்கள். அவர் பெயரும் சிட்டி உரிமையாளர் பெயரும் ஒன்றாக இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? அப்புறம் மேத்யூ ஹெட்ஜஸ், எங்களுக்குப் பக்கத்து டர்ஹாம் பல்கலைக்கழக ஆய்வு மாணவர், துபாய் விமான நிலையத்தில் பிடித்து உளவாளி என்று ஆயுள் தண்டனை. வெள்ளைக்காரர் என்பதால் சில நாளில் மன்னிப்பு கிடைத்தது.

தெருவுக்குப் பள்ளிக்கூடம் வந்தது நல்லதுதான். கேட்கும் கேள்வியை அது வாயடைக்கிறதே, அதற்காகத்தான் அந்தப் பணம் வருகிறது என்கிறேன்.

93_20

> அதற்காகத்தான் அந்தப் பணம் வருகிறது

இது உங்கள் ஊகம். எண்ணெய் தீர்ந்தபின் எதை விற்பது என்று பார்க்கிறார்கள், விளையாட்டு அதில் ஒரு வியாபாரம், அவ்வளவுதான்.

பழைய விசில்

ஊகிக்க வேண்டாம், அவரே சொல்லிவிட்டார். 2023 செப்டம்பரில் ஃபாக்ஸ் நியூஸ் பேட்டியில் இளவரசரிடம் ஸ்போர்ட்ஸ்வாஷிங், அதாவது விளையாட்டை வைத்துக் கெட்ட பெயரைக் கழுவுவது, பற்றிக் கேட்டார்கள். அதனால் என் நாட்டு உற்பத்தி ஒரு சதவீதம் கூடுமென்றால் தொடர்ந்து செய்வேன், அந்தச் சொல்லைப் பற்றி எனக்குக் கவலை இல்லை என்றார். மறைக்கக்கூட மெனக்கெடவில்லை. அதாவது நீங்கள் இருவரும் சொல்வது ஒன்றுதான், வியாபாரமும் கழுவலும் ஒரே கணக்குப் புத்தகத்தில் இருக்கின்றன.

இன்னொன்று. நிதியம் என்றால் ஏதோ உண்டியல் என்று நினைக்கக்கூடாது. கஷோக்ஜியைக் கொன்றவர்கள் இஸ்தான்புல்லுக்குப் பறந்த இரண்டு தனி விமானங்களும் எந்தக் கம்பெனியுடையவையோ, அந்தக் கம்பெனி அதற்கு முந்தைய வருடமே இந்த நிதியத்தின் கைக்கு வந்துவிட்டது என்று நீதிமன்ற ஆவணங்களை வைத்து 2021இல் சிஎன்என் செய்தி போட்டது. நியோம் என்று பாலைவனத்தில் கட்டுகிறார்களே, அதுவும் நிதியத்துடையதுதான். அந்த இடத்தில் இருந்த ஹுவைதாத் குடிகளை வெளியேற்றியபோது, போகமாட்டேன் என்று வீடியோ போட்ட அப்துல் ரஹீம் அல் ஹுவைதி 2020 ஏப்ரலில் பாதுகாப்புப் படையால் சுட்டுக் கொல்லப்பட்டார். நியூகாசிலுக்கு முதல் விலை பேசியதும் அதே ஏப்ரல் மாதம்.

ஜுபைல் வெயில்

சவுதியிலிருந்து எழுதுகிறேன், ஒன்பதாவது வருடம். பைப் ஃபேப்ரிகேஷன். நீங்கள் எல்லோரும் பேசுவதைப் பார்க்கிறேன், இங்கே இருப்பவன் ஒருத்தனும் சொல்லட்டும் என்றுதான்.

நான் வந்தபோது பெண்கள் வண்டி ஓட்டக் கூடாது, ஸ்டேடியத்துக்கு வரக் கூடாது, சினிமாக் கொட்டகை இல்லை. 2018இல் மூன்றும் வந்துவிட்டன. என் சைட்டில் இப்போது சவுதிப் பெண் இன்ஜினியர் இருக்கிறார், எங்களைவிட நன்றாக டிராயிங் படிப்பார். மாற்றமே இல்லை என்று யாராவது சொன்னால் அது உண்மை இல்லை.

தொழிலாளி விஷயம் வேறு. 2021 மார்ச்சில் சட்டம் மாறியது, சில நிபந்தனைகளோடு கபீல் (விசா கொடுத்த முதலாளி) சம்மதம் இல்லாமலே வேலை மாறலாம், ஊருக்குப் போய்வர எக்ஸிட் ரீஎன்ட்ரி நாமே போடலாம். நல்லது, எனக்கே உதவியது. ஆனால் வீட்டு வேலைக்கு வந்த பெண்கள், வீட்டு டிரைவர், தோட்டக்காரர், ஆடு மேய்க்க வந்தவர் யாருக்கும் அந்தச் சட்டம் கிடையாது. யாருக்கு ரொம்பத் தேவையோ அவர்களுக்கு இல்லை. என் அறையில் முன்பு இருந்த ராமநாதபுரத்துத் தம்பிக்கு ஒரு சப் கான்ட்ராக்டர் ஏழு மாதச் சம்பளம் பாக்கி வைத்தார், பாஸ்போர்ட்டும் அவர் அலமாரியில். தம்பி கடைசியில் சம்பளத்தை விட்டுவிட்டு ஊருக்குப் போனான். சம்பளம் தராத முதலாளி நம் ஊரிலும் உண்டு, ஆனால் நம் ஊரில் நாலு பேரைக் கூட்டி வாசலில் உட்காரலாம். இங்கே சங்கம் கிடையாது.

கால்பந்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை மேட்ச் பார்க்கிறோம், பெங்காலி, நேபாளி, மலையாளி, நாம் எல்லோரும் ஒரே டிவி. ரொனால்டோ இங்கே அல் நஸ்ர் கிளப்புக்கு வந்ததிலிருந்து எங்கள் கேம்பில் பாதிப் பேர் மஞ்சள் சட்டை. சந்தோஷம் உண்மையானது, அதைக் குறை சொல்ல வேண்டாம். மேலே எழுதிய அந்த லீட்ஸ் பெண் பற்றி, அரசைப் பற்றி, நான் எதுவும் எழுதப்போவதில்லை. ஏன் என்று உங்களுக்கே தெரியும்.

மட்டுறுத்துநர்

ரொனால்டோ பெயர் வந்ததும் பதினோரு பின்னூட்டங்கள் மெஸ்ஸி பக்கம் போய்விட்டன, எல்லாவற்றையும் அதற்குரிய இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே தலைப்பை விட்டு நகராதீர்கள். ஜுபைல் வெயில், உங்கள் சுயவிவரத்தில் கம்பெனிப் பெயரும் ஊரும் தெரிகிறது, தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

மூதூர் அலை

ஜுபைல் அண்ணா கடைசியாக எழுதின வரி எனக்கு நல்லாய் விளங்குது.

நான் இலங்கையில் மூதூர். ரிசானா நஃபீக்கின் ஊர். இந்தியப் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் ஞாபகம் இருக்குமோ தெரியாது, எங்கட ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தகப்பன் விறகு வெட்டுகிறவர். சுனாமி வந்து ஒரு வருசம்கூட ஆகவில்லை, 2005இல் அந்தப் பிள்ளையைச் சவுதிக்கு வீட்டு வேலைக்கு அனுப்பினார்கள். பிறப்புச் சான்றிதழின்படி அப்போது வயது பதினேழு. கடவுச்சீட்டில் வயதைக் கூட்டிப் போட்டது எங்கட நாட்டு ஏஜென்ட், அந்தப் பாவம் சவுதியின் தலையில் இல்லை. போய்ச் சில கிழமைக்குள், அவர் பால் கொடுத்துக்கொண்டிருந்த நாலு மாதக் குழந்தை இறந்துபோனது. புரைக்கேறியது என்று அவர் சொன்னார். கொலை என்றார்கள். தமிழ் மட்டும் தெரிந்த பிள்ளையிடம் ஒழுங்கான மொழிபெயர்ப்பாளரும் இல்லாமல், சட்டத்தரணியும் இல்லாமல் வாக்குமூலம் எடுத்தார்கள். 2007இல் மரண தண்டனை. 2013 ஜனவரி 9ஆம் திகதி தலையை வெட்டினார்கள். உடலைக்கூட அனுப்பவில்லை.

நான் உதைபந்தாட்டம் பார்க்கிறவள் இல்லை, என் மகன்தான் பைத்தியம். போன வருசம் பிறந்தநாளுக்கு ஒரு ஜெர்சி கேட்டான், வெள்ளையில் பச்சைக் கரை, நியூகாசிலின் பழைய மூன்றாவது சட்டையாம். கடையில் எடுத்துப் பார்த்தேன், அப்படியே சவுதி தேசிய அணியின் நிறம். திருப்பி வைத்துவிட்டு வந்துவிட்டேன். ஏன் என்று அவனுக்குச் சொல்லவில்லை, பத்து வயது. காசு இல்லை என்று பொய் சொன்னேன்.

நீங்கள் டிக்கெட் வாங்குங்கோ, விடுங்கோ, அதை நான் சொல்ல மாட்டேன். ஆனால் இது லண்டன்காரன் பொழுதுபோகாமல் கதைக்கிற விசயம் என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

வியாசர்பாடி விங்

அக்கா, நான் முதலில் எழுதியதில் ஒரு சிரிப்புப் பொம்மை போட்டிருந்தேன். மன்னியுங்கள். ரிசானா பெயர் எனக்குத் தெரியாது, இப்போதுதான் தேடிப் படித்தேன்.

கத்தார் உலகக் கோப்பை சமயத்தில் ஒரு எண் சுற்றியது, 6,500 பேர் செத்தார்கள் என்று. அதைக்கூட நான் முழுசாகப் படிக்காமல் வாதாடியிருக்கிறேன். கார்டியன் 2021 பிப்ரவரியில் போட்டது, பத்து வருடத்தில் இந்தியா, நேபாளம், வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கையைச் சேர்ந்தவர்களின் மொத்த சாவுக் கணக்கு. எல்லாம் ஸ்டேடியம் வேலையில் இல்லை. ஆனால் அதில் நிறைய சாவுக்கு 'இயற்கை மரணம்' என்று எழுதி, பிரேதப் பரிசோதனை இல்லாமல் அனுப்பிவிட்டார்கள் என்பதுதான் விஷயமே. முப்பது வயசுப் பையன் தூக்கத்தில் செத்தால் அது இயற்கையா? இந்தியர் மட்டும் 2,700க்கு மேல்.

2034 உலகக் கோப்பை இப்போது சவுதிக்கு. வேட்பாளர் ஒருத்தரே. 2024 டிசம்பர் 11இல் ஃபிஃபா கைதட்டியே கொடுத்துவிட்டது. நார்வே சங்கம் மட்டும் கைதட்ட மறுத்ததாம். மதிப்பீட்டு அறிக்கையில் மனித உரிமை ஆபத்து 'நடுத்தரம்'. அந்த ஒரே வருடத்தில் சவுதியில் குறைந்தது 345 பேருக்கு மரண தண்டனை நிறைவேறியது என்று ஆம்னெஸ்டி எண்ணியிருக்கிறது. நடுத்தரம் என்றால் இது, அப்போ அதிகம் என்றால் எவ்வளவு?

பதினைந்து ஸ்டேடியம். கட்டப் போவது யார் என்று ஜுபைல் அண்ணனுக்குத் தெரியும்.

93_20

மூதூர் அக்கா எழுதியதைப் படித்தபின் வாதாட மனம் இல்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன், குத்தலாக இல்லை. ரசிகன் டிக்கெட்டை விட்டால் அந்த இருக்கைக்கு வரிசையில் ஆயிரம் பேர் நிற்கிறார்கள். கிளப்புக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. அப்போது விடுவதில் என்ன பயன்?

பழைய விசில்

தனியாக விட்டால் பயனில்லை, உண்மை. சேர்ந்து கேட்டால் சில இடத்தில் நடந்திருக்கிறது. பேயர்ன் மியூனிக் நெஞ்சில் இல்லாமல் சட்டைக் கையில் கத்தார் ஏர்வேஸ் பெயரைப் போட்டிருந்தது. 2021 நவம்பரில் ஆண்டுக் கூட்டத்தில் உறுப்பினர்கள் அதை எதிர்த்துத் தீர்மானம் கொண்டுவந்தார்கள், நிர்வாகம் அதை எடுக்க மறுத்தது, கூட்டம் கூச்சலில் முடிந்தது. 2023இல் ஒப்பந்தம் முடிந்தபோது புதுப்பிக்கவில்லை. ஜெர்மனியில் கிளப்பின் ஓட்டுரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடம் இருக்க வேண்டும் என்ற விதி இருப்பதால் அவர்களுக்கு எழுந்து நின்று கத்த ஒரு மேடையாவது இருந்தது. (அடுத்து அதே பேயர்ன் ருவாண்டா அரசோடு விளம்பர ஒப்பந்தம் போட்டது. 2025 ஜனவரியில் ருவாண்டா துணையோடு எம்23 கிளர்ச்சிப் படை காங்கோவின் கோமா நகரைப் பிடித்தபின், காங்கோ அமைச்சர் ருவாண்டா விளம்பரம் வாங்கியிருந்த ஆர்சனல், பேயர்ன், பாரிஸின் பிஎஸ்ஜி மூன்றுக்கும் கடிதம் எழுத வேண்டி வந்தது. பூனையை விரட்டினால் பெருச்சாளி.)

இங்கிலாந்தில் அந்த மேடை கிடையாது. நியூகாசிலில் ரசிகர் சங்கம் கருத்துக் கேட்டபோது 90 சதவீதத்துக்கும் மேல் சவுதிக்கு ஆதரவு, அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, ஆஷ்லியிடம் பதினாலு வருடம் இருந்தவன் யார் வந்தாலும் வா என்பான். 2023 மார்ச்சில் லீக் உரிமையாளர் விதியில் மனித உரிமை மீறலைச் சேர்த்தது. நன்றாக இருக்கிறதே என்று படித்தால், பிரிட்டன் அரசின் மனித உரிமைத் தடைச் சட்டத்தை அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். அந்தச் சட்டத்தில் கஷோக்ஜி கொலைக்காக இருபது சவுதிக்காரர்களைப் பிரிட்டன் 2020இல் தடை செய்தது. இளவரசர் அந்த இருபதில் இல்லை. ஆக வெளியுறவுத் துறை யாரைத் தொடப் பயப்படுகிறதோ அவரைக் கால்பந்தும் தொடாது. நீங்கள் டிக்கெட்டைப் பற்றி யோசிக்கும் நேரத்தில் பாதியை உங்கள் எம்பிக்குக் கடிதம் எழுதச் செலவிடுங்கள்.

டைன்கரையான்

மூன்று வாரம் கழித்து வருகிறேன், எல்லோருக்கும் நன்றி. மூதூர் அக்காவின் பதிவை வீட்டுக்காரியிடம் படித்துக் காட்டினேன். அவள் ஒன்றும் பேசவில்லை.

டிக்கெட்டைப் புதுப்பித்துவிட்டேன். திட்டுங்கள். விட்டுவிடலாம் என்று முடிவு செய்து மகளிடம் சொன்னேன், அவளுக்குப் பன்னிரண்டு வயது, அவள் ஸ்டேடியத்தில் வளர்ந்தவள். என் முடிவுக்கு அவள் ஏன் இருக்கையை இழக்க வேண்டும் என்று தோன்றியது. இது சாக்கா என்றால், பாதி சாக்குதான். ஜெர்சி, சாப்பாடு, கடைச் சாமான் எதுவும் அங்கே வாங்குவதில்லை என்று வைத்திருக்கிறேன், அதில் பெரிய வீரம் ஒன்றுமில்லை. எம்பிக்கு எழுதினேன் விசில் சார். அச்சடித்த பதில் வந்தது.

போன ஆட்டத்துக்கு முன் ஸ்டேடியத்துக்கு எதிரே ஸ்ட்ராபெரி பப் பக்கம் இரண்டு மூன்று பேர் துண்டறிக்கை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். முன்பெல்லாம் கண்ணைப் பார்க்காமல் தாண்டிப் போவேன். அன்று வாங்கினேன். சல்மாவின் படம் இருந்தது. விடுதலையாகிவிட்டார், 2025 பிப்ரவரியில், நாங்கள் கோப்பை ஜெயிக்க ஒரு மாதம் முன்னால். அவரைப் போல உள்ளே இருக்கும் மற்றவர்களின் பெயர்கள் கீழே இருந்தன. மகள் வாங்கிப் பார்த்து, இவங்க என்ன செஞ்சாங்க அப்பா என்றாள். ட்விட்டரில் எழுதினாங்க என்றேன். எழுதினதுக்கா, எத்தனை வருஷம் என்றாள். சொன்னேன். கொஞ்சம் நேரம் கணக்குப் போட்டுவிட்டு, அப்பா, கிட்டத்தட்ட உங்க வயசு இருக்கே அது என்றாள். எனக்கு நாற்பத்தொன்று.

காகிதத்தை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். உள்ளே போனோம். நாற்பதாவது நிமிடம் நாங்கள் கோல் போட்டோம், நானும் எழுந்து கத்தினேன். அதையும் சொல்லிவிட வேண்டும் இல்லையா.

வியாசர்பாடி விங்

திட்டவில்லை அண்ணே. பாப்பா அந்தக் காகிதத்தைப் பள்ளிக்கூடத்தில் காட்டினாளா?

டைன்கரையான்

காட்டியிருக்கிறாள். வகுப்பில் சவுதிப் பையன் ஒருத்தன் இருக்கிறானாம், நல்ல சிநேகிதன். அவன் அதைப் படித்துவிட்டு, இதை இங்கே வைக்காதே என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுத்தானாம்.

ஜுபைல் வெயில்

அந்தப் பையனை ஒன்றும் கேட்க வேண்டாம் என்று பாப்பாவிடம் சொல்லுங்கள்.